உன் காலைக் கேட்டுச் சொல்

அன்பு மகளுக்கு,

"கார் பிரேக் சரியில்லை அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாய். உடம்பு சரியில்லை என்று சொன்னால் எந்த வைத்தியர் மருந்து தருவார்?

காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்குக் கரகரத்துவிட்டு அடங்கினால், அது இரவு ஈரத்தில் டிஸ்கில், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டில், பூத்த துரு. விட்டுவிடு. மிதிக்கும்போதெல்லாம் கீச்சிட்டால், டிஸ்கை அழுத்திப் பிடித்து நிறுத்தும் பேட் தேய்ந்திருக்கலாம். பல பேட்களில் இதற்கென்றே ஒரு சிறு தகடு உண்டு. தேய்மானம் எல்லையைத் தொட்டதும் அது டிஸ்கில் உரசிக் கத்தும். புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும் பேட், 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். கீச்சு போய் இரும்பு அரைபடும் ஓசை வந்தால் டிஸ்குக்கும் சேர்த்துச் செலவு.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? சிறிது தூரம் ஓட்டி நிறுத்திச் சக்கரங்களின் அருகே கையை நீட்டிப் பார். தொட்டுவிடாதே. ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பேட்டை அழுத்தும் கவ்வியான காலிப்பர் இறுகிக் கிடக்கிறது.

சத்தத்தைவிட நான் பயப்படுவது பெடலுக்குத்தான். மெத்தென்று அமுங்கினால், மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயிலின் குழாயில் காற்று இருக்கலாம், அல்லது ஆயில் பழையதாக இருக்கலாம். அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறி ஆவியானால் கால் வெற்றிடத்தை மிதிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்று என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

நானும் ஒரு முட்டாள்தனம் செய்தவன். ஆயில் மட்டம் இறங்க இறங்க, ஏன் என்று கேட்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பேட் தேயத் தேய மட்டம் தானே இறங்கும். புதுப் பேட் மாட்ட, காலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளியபோது அத்தனையும் பொங்கி வழிந்து பக்கத்துப் பெயின்ட்டைத் தின்றுவிட்டது. அந்தத் தழும்பைத்தான் நீ சிறுவயதில் விரலால் தடவிக்கொண்டிருப்பாய்.

இப்போது ஒன்று செய். வண்டியை நகர்த்தாமல் இஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திரு. கால் மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் ஆயில் எங்கோ கசிகிறது, அல்லது பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. அப்படியானால் பட்டறை வரைக்கும்கூட ஓட்டாதே, இழுத்துப் போகச் சொல். இறங்கியதா, நின்றதா என்று இன்றிரவே சொல்.

அப்பா