மூன்று இலவச கொட்டேஷன்களை வைத்து முடிவெடுக்காதீர்கள்: அடுக்குமாடிச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மொட்டை மாடி ஒழுகினாலோ, வெளிச்சுவர் பெயிண்ட் உரிந்தாலோ, சன்ஷேடில் கம்பி தெரிந்தாலோ பெரும்பாலான சங்கங்களில் ஒரே நடைமுறைதான். தெரிந்த மூன்று காண்ட்ராக்டர்களைக் கூப்பிடுகிறீர்கள். அவர்கள் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்புகிறார்கள். பொதுக்குழுவில் மூன்றையும் வாசித்து, குறைந்த தொகைக்குக் கை தூக்குகிறீர்கள். இதுவரை சங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் கட்டடப் பழுதுபார்ப்புப் பணத்தில் பெரும்பகுதி வீணாவதற்கான வழி அந்த அரை மணி நேரத்திலேயே திறந்துவிடுகிறது. எப்படி என்பதைத் தொழில் விவரத்தோடு சொல்கிறோம்.

என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு காண்ட்ராக்டரும் தனக்குத் தோன்றிய வேலைக்கு விலை எழுதுகிறார். உங்கள் கையில் இருப்பது ஒரு வேலைக்கான மூன்று விலைகள் இல்லை. மூன்று வேறு வேலைகளின் விலைகள். அவற்றில் எது குறைவு என்று பார்ப்பதில் பொருளே இல்லை.

மாடியையே எடுத்துக்கொள்வோம். 3,000 சதுர அடி மாடி, கான்கிரீட் தளத்தின் மேல் வெயிலுக்கும் மழைக்கும் காப்பாகப் போட்ட பழைய செங்கல் ஜல்லி அடுக்கு (வெதரிங் கோர்ஸ்), மேலே தட்டோடு. மூன்று கொட்டேஷனிலும் ‘டெரஸ் வாட்டர் ப்ரூஃபிங், 3,000 சதுர அடி’ என்று ஒரே வரிதான் இருக்கும். முதலாமவர் மனதில் இருப்பது பழைய ஓட்டைக் கழுவி, மேலே இரண்டு கோட் வெள்ளைப் பூச்சு. இரண்டாமவர் பழைய ஓட்டின் மேலேயே கலவை போட்டுப் புது கூலிங் டைல்ஸ் ஒட்டப்போகிறார். மூன்றாமவர் எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, கான்கிரீட் தளத்தின் மேலேயே நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, புதிதாகச் சரிவு கொடுத்து, அதன் மேல் ஓடு பதிப்பதாக நினைத்து எழுதியிருக்கிறார். மூன்றாமவர் தொகை மற்றவர்களுடையதைப் போலப் பல மடங்கு இருக்கும். பொதுக்குழுவில் அவரைத்தான் ‘கொள்ளை’ என்பார்கள்.

முதலாமவர் பூச்சு ஓட்டின் மேல்தான் நிற்கும். ஓட்டுக்குக் கீழே ஏற்கெனவே ஜல்லியில் ஊறியிருக்கும் தண்ணீர் போக இடமில்லாமல் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்பளமாகத் தூக்கும். இரண்டாமவர் வேலையில் ஆபத்து எடையில் இருக்கிறது. கலவையும் ஓடும் சேர்ந்து 2 அங்குலம் ஏறினாலே சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் கூடும்; 3,000 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 29 டன். ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு வடிவமைப்பில் வைக்கும் புழங்கு பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். அதில் மூன்றில் இரண்டு பங்கை நிரந்தர எடையாக ஏற்றுகிறோம் என்று எந்தக் கொட்டேஷனும் சொல்லாது.

மூன்றாமவர் வழிதான் சரி என்றாலும் அவர் காகிதத்தையும் கேள்வி கேட்க வேண்டும். வெதரிங் கோர்ஸும் ஓடும் 4 அங்குலம் என்றால் உடைத்தெடுப்பது 1,000 கன அடி, அதாவது 10 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). உடைத்த பின் உப்பி 13 யூனிட் வரை ஆகும்; எடை ஏறக்குறைய 50 டன். நான்காவது மாடியிலிருந்து அதை யார் இறக்குவது, எப்படி இறக்குவது, மாநகராட்சி அனுமதித்த இடத்துக்கு எந்த லாரியில் கொண்டுபோவது? ‘டெப்ரிஸ் தனி’ (இடிபாடு அகற்றும் செலவு தனி) என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால் அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில். இறக்கும் வரை இடிபாட்டை மாடியின் நடுவில் குவிப்பதும் வழக்கமாக நடக்கிறது. ஒரு அடி உயரக் குவியலே சதுர மீட்டருக்கு 400 கிலோ அழுத்தும். அன்றன்றைக்கு இறக்கிவிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால், ஏற்கெனவே பழுதான தளத்தில் புது விரிசலை நாமே உண்டாக்குவோம்.

ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பதும் அரை மணி நேரத்தில் நடக்காது. தண்ணீர் பெரும்பாலும் தளத்தின் நடுவில் இறங்குவதில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், சோலார் தகட்டுக்கும் டிஷ்ஷுக்கும் அடித்த போல்ட் துளை, மேல்நிலைத் தொட்டியின் குழாய் இணைப்பு ஆகியவைதான் முதல் சந்தேகத்துக்குரியவை. அங்கே நுழையும் தண்ணீர் ஜல்லிக்குள் ஊர்ந்து பத்தடி தள்ளிக்கூட ஒரு படுக்கையறையில் சொட்டும். மழைநீர் வாய்களை அடைத்து, பகுதி பகுதியாக 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்தால்தான் இடம் தெரியும். இலவசமாகப் பார்க்க வருபவர் இதைச் செய்யமாட்டார். செய்யச் சொல்லிக் கேட்பதும் நியாயமில்லை. நீர்த்தடுப்புப் பொருள் விற்கும் நிறுவனங்கள் நடத்தும் ‘இலவச ஆய்வு’ பெரும்பாலும் அவர்கள் விற்கும் பொருளில்தான் போய் முடியும்.

மூலையில் கலவையை வளைவாகக் கட்டி, பூச்சைக் கைப்பிடிச் சுவரில் ஒரு அடி உயரம் ஏற்ற வேண்டும். சரிவு நூற்றுக்கு ஒன்றாவது வேண்டும். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு பதிக்கும் முன், பூச்சின் மேல் மறுபடி 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். இந்த வரிகள் இல்லாத கொட்டேஷனில் இந்த வேலைகளும் இருக்காது.

கான்கிரீட் பழுது இன்னும் மோசம். கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். வெளியே ஒரு அடி விரிசல் தெரிந்தால், கொத்திப் பார்க்கும்போது கம்பி நெடுக மூன்றடிக்குத் துரு ஓடியிருக்கலாம். கடலோரக் காற்றில் உப்பு இருப்பதால் சென்னையில் இது சீக்கிரமே வரும். கொட்டேஷன் போட வந்தவர் சாரம் கட்டிப் பார்க்கவில்லை. நான்காவது மாடி சன்ஷேடைத் தரையில் நின்று அண்ணாந்துதான் பார்த்தார். சுத்தியலால் தட்டி எங்கெங்கே பொள்ளல் சத்தம் வருகிறது என்று குறிக்கவில்லை. அதனால் ‘சிவில் பேட்ச் ஒர்க், லம்ப்சம்’ என்று, அளவு எதுவும் சொல்லாமல் மொத்தமாக ஒரு தொகை எழுதிவிடுகிறார்.

சாரம் ஏறியதும் இரண்டில் ஒன்று நடக்கும். பழுது நினைத்ததைவிட அதிகம் என்று ‘எக்ஸ்ட்ரா’ பில் வரும். சாரமும் ஆட்களும் அவருடையவை, பாதிப் பணமும் அவரிடம், ஆகவே நீங்கள் மறுக்க முடியாது. அல்லது லம்ப்சத்துக்குள் முடிக்க வேண்டுமே என்று துருக்கம்பியின் மேலேயே சிமெண்ட் பூசி, பட்டி தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடுவார். இந்த இரண்டாவதுதான் உயிருக்கு ஆபத்து. உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும்; ஒருநாள் பூசிய சதையோடு பாளமாக வாசலில் விழும்.

சரியான வேலை எது என்று எழுதிவிடுகிறோம். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்த வேண்டும். கம்பியை இரும்பு நிறம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். மெலிந்துபோன கம்பிக்குத் துணைக்கம்பி கட்ட வேண்டும். பிறகு துருத்தடுப்புப் பூச்சு, பழைய கான்கிரீட்டும் புதுக் கலவையும் பிடிக்க இணைப்புப் பூச்சு, கடைசியில் பாலிமர் கலந்த கலவை, அதற்கு நீராற்றுதல் (க்யூரிங்). இதற்கு லம்ப்சம் விலையே கூடாது. 20 மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர அடிக்கு இவ்வளவு, 40 மில்லிமீட்டருக்கு இவ்வளவு, புதுக்கம்பி கிலோவுக்கு இவ்வளவு என்று விலை வாங்கி, செய்த அளவைக் கூட இருந்து அளந்து பில் கொடுக்க வேண்டும்.

வெளிப் பெயிண்டிங்கில் விளையாட்டு அளவெடுப்பதில் நடக்கிறது. 24 வீடுகள், வீட்டுக்கு நான்கு ஜன்னல், ஒவ்வொன்றும் 4 அடிக்கு 4 அடி என்றால் ஜன்னல் பரப்பே 1,536 சதுர அடி. அதைக் கழிக்காமல் அளப்பவர் சதுர அடி விலையில் ஒரு ரூபாய் குறைத்துக் காட்டிவிட்டு, அளவில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஐ.எஸ். 1200 என்ற அளவீட்டுத் தரத்தின்படி அளக்க வேண்டும் என்று ஒரே வரி எழுதினால் போதும். எந்தத் திறப்பைக் கழிப்பது, எதைக் கழிக்கக் கூடாது என்பதற்கெல்லாம் அதில் விதி இருக்கிறது. வாளிக் கணக்கும் பாருங்கள். நல்ல வெளிப்பூச்சு எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குத் தோராயமாக 50, 60 சதுர அடி வரும். 20,000 சதுர அடிக்கு 20 லிட்டர் வாளி 17 முதல் 20 வரை வந்து இறங்க வேண்டும். 11 வாளி வந்தால் மீதி தண்ணீர்.

கொட்டேஷன்களுக்குள் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால், சாரம் கட்டுகிறாரா, கயிற்றில் ஆளைத் தொங்கவிடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். கயிற்றில் தொங்குபவரால் ஒழுங்காகக் கொத்துவதும் தேய்ப்பதும் கடினம். பெரும்பாலும் உருளையை ஓட்டுவதோடு சரி. அவர் விழுந்தால் காப்பீடு யார் பெயரில் இருக்கிறது என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்காது.

‘10 ஆண்டு வாரண்டி’ என்று லெட்டர்பேடில் வரும் வரிக்கும் பெரிய மதிப்பு இல்லை. வாரண்டி பொருளுக்கா வேலைக்கா, ஒழுகினால் எத்தனை நாளில் வருவார், மேலே பதித்த ஓட்டை உடைத்துத் திரும்பப் பதிக்கும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் அது வாரண்டி. வழக்குப் போட நேர்ந்தாலும் முதலில் கேட்கப்படுவது என்ன ஒப்புக்கொண்டீர்கள் என்பதே. ‘டெரஸ் வாட்டர் ப்ரூஃபிங், 3,000 சதுர அடி’ என்ற ஒரு வரியை வைத்து எந்தக் குறையையும் நிரூபிப்பது கடினம்.

புதிய கட்டடங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, சாவி வாங்கிய ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ தெரியவரும் குறையை, தெரிவித்த 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தக் காலத்துக்குள் இருக்கும் சங்கங்கள் வேறு காண்ட்ராக்டரை விட்டு மாடியை உடைத்தால் சான்றும் போய்விடும், பில்டர் கைகழுவவும் வழி கிடைக்கும். முதலில் புகைப்படத்தோடு பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். கொட்டேஷன் வாங்கும் முன், எந்தக் காண்ட்ராக்டரோடும் எந்தப் பொருள் விற்பனையோடும் தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்துக் கட்டடத்தை ஆய்வு செய்யுங்கள். கட்டணம் ஒரு நிலையான தொகையாக இருக்கட்டும். வேலை மதிப்பில் சதவீதமாக வைத்தால் வேலை பெருகுவதில் அவருக்கும் லாபம் வந்துவிடும். மாடியில் இரண்டு இடங்களில் ஒரு அடிக்கு ஒரு அடி உடைத்து அடுக்குகளைப் பார்ப்பது, தண்ணீர் கட்டும் சோதனை, கான்கிரீட்டைத் தட்டிக் குறிப்பது, அளவெடுப்பது எல்லாம் அதில் சேர வேண்டும். முடிவில் ஒவ்வொரு வேலைக்கும் செய்முறை, பொருள், அளவு எழுதிய பட்டியல் ஒன்றை அவர் தர வேண்டும். விலைப் பத்தியை மட்டும் காலியாக விட்டு அந்தப் பட்டியலை எல்லாக் காண்ட்ராக்டர்களுக்கும் கொடுங்கள். அப்போது இடிபாடு இறக்குவதையும் சாரத்தையும் மறைக்காமல் எழுதியதால் இன்று தோற்றுக்கொண்டிருக்கும் நேர்மையான காண்ட்ராக்டருக்கும் வழி கிடைக்கும்.

முன்பணம் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். மீதியை அளந்த வேலைக்குத் தக்கபடி கொடுங்கள். 5 முதல் 10 சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்திவையுங்கள்; ஒழுகல் இல்லையென்றால் ஜனவரியில் விடுவிக்கலாம்.

நாள் கணக்கும் முக்கியம். ஓதக் கறை காய்வதற்குள், டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஆய்வு நடக்க வேண்டும். பிப்ரவரியில் பட்டியல், மார்ச்சில் விலை, ஏப்ரலில் சாரம். ஆகஸ்டுக்குள் மாடியில் கடைசித் தண்ணீர் சோதனை முடிந்திருக்க வேண்டும். அடுத்த பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் ‘ஆய்வுக் கட்டணத்துக்கு ஒப்புதல்’ என்ற ஒரு வரியைச் சேருங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பழுதுபார்ப்புத் துறையில் பணியாற்றும் பொறியாளர்கள், மேற்பார்வையாளர்கள்