"100 டிகிரிக்கு ஒரு சென்சார்" என்று கேட்பவர்களுக்கு

வணக்கம்.

இப்படி ஒற்றை வரியில் கேட்டு வரும்போது, உடனே விலை சொல்லாமல் நாங்கள் திரும்பக் கேள்வி கேட்கிறோம். அதில் சிலருக்குச் சலிப்பு இருக்கிறது, தெரியும். ஆனால் அளவு வரம்பை மட்டும் வைத்து சென்சாரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அந்த 100 டிகிரி செல்சியஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கே வகை தெர்மோகப்பிளும் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் செய்த வெப்ப சென்சார்) அளக்கும், பிடி-100-ம் (வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் பிளாட்டினம் சென்சார்) அளக்கும். கே வகை உலைச்சூட்டையும் அதிர்வையும் தாங்கும், ஆனால் முதல் தரமானதே இந்த வெப்பத்தில் ±1.5 டிகிரி வரை விலகலாம். துல்லியத் தரத்தில் கிளாஸ் ஏ பிடி-100 என்றால் ±0.35 டிகிரி, கிளாஸ் பி என்றால் ±0.8. அரை டிகிரி முக்கியம் என்றால் எதை வாங்குவது என்பதில் பேச்சே இல்லை. அப்புறம் கம்பி. பிடி-100-ல் ஒரு டிகிரிக்கு மின்தடை சுமார் 0.385 ஓம்தான் மாறுகிறது; இரண்டு கம்பி இணைப்பில் போக வர கம்பியின் தடை 1 ஓம் சேர்ந்தாலே மீட்டர் இரண்டரை டிகிரி கூட்டிக் காட்டும். மீட்டர் தூரத்தில் இருந்தால், அந்தக் கம்பித் தடையைக் கழிக்க மூன்று கம்பிதான். தெர்மோகப்பிளுக்கோ அதன் வகைக்கே உரிய காம்பன்சேட்டிங் கேபிள் (தெர்மோகப்பிளுக்கு ஒத்த உலோகத்தில் செய்த இணைப்புக் கம்பி) வேண்டும், கையில் கிடைத்த செம்புக் கம்பியை நடுவில் ஒட்டினால் கணக்கு கெட்டுவிடும்.

அழுத்தத்தில் வேறு மாதிரிச் சிக்கல். "பெரிசா வாங்கி வைப்போம்" என்று 100 பார் (அழுத்த அலகு) சென்சாரில் 4 பார் அளப்பவர்கள் உண்டு. துல்லியம் 0.5 சதவீதம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் சென்சாரின் முழு வரம்புக்கு, அதாவது எங்கே அளந்தாலும் அரை பார் பிழை வரலாம், 4 பாரில் அது பன்னிரண்டரை சதவீதம்! அதற்காக ஒட்டி 5 பார் வாங்கினால், வால்வு சட்டென மூடும்போது எழும் அழுத்த அடியில் சென்சார் போய்விடலாம். வழக்கமான அழுத்தம் வரம்பின் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் நடுவில் விழுகிற மாதிரி எடுங்கள். திரையில் எத்தனை தசம இடம் தெரிகிறது என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அது துல்லியம் இல்லை.

அதனால் அடுத்த முறை எழுதும்போது எதை அளக்கிறீர்கள், எவ்வளவு பிழை பரவாயில்லை, எவ்வளவு சீக்கிரம் மாறும், மீட்டர் எவ்வளவு தூரம், இவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். பொருத்தும் இடத்தின் போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. பழைய சென்சாரின் லேபிளை மட்டும் அனுப்பாதீர்கள். முன்பு என்ன வாங்கினார்கள் என்பதுதான் அதில் இருக்கும், அது பொருந்தியதா என்பது இருக்காது.