புஷ்ஷை எப்போது இறுக்குவது?

ஆசிரியருக்கு,

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பராமரிப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் முக்கியமான ஒன்று, புஷ் போல்ட்டை எப்போது இறுக்குவது என்பது, விட்டுப்போயிருக்கிறது. 1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் (சஸ்பென்ஷன் கைகள் அசையும் மூட்டில், நடுவே இரும்புக் குழாயுடன் இருக்கும் ரப்பர் உருளை) மாற்றும் பலர், கார் ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருப்பதால் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். காரை இறக்கியதும் அந்த முறுக்கு அப்படியே நின்று, புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு. சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் கேம் போல்ட்டுகளைக் கழற்றுமுன், அவை இருந்த நிலையைப் பெயின்ட்டால் குறியிடுவது நல்லது. ஆனாலும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆகவேண்டும்.

இதே காரில் கியர் லீவர் ஆடுகிறதா? அடிமுனையிலுள்ள சிறு நைலான் புஷ்ஷைப் பாருங்கள். கூடவே லீவரைச் சுற்றியுள்ள கீழ் ரப்பர் உறையையும் (boot) மாற்றுங்கள்; அது கிழிந்தால்தான் கியர்பாக்ஸ் சூடும் சத்தமும் உள்ளே ஏறுகின்றன. லீவர் குழியில் புது கியர் ஆயில் சுமார் 80 மி.லி. ஊற்றாமல் மூடாதீர்கள்.

– கார் பழுது பார்க்கும் வாசகர்