பேரேட்டை உன்னிடம் அனுப்புகிறேன்

உ

யாங்கோன்
6.10.2025

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை விலை ஏறினாலும் கிடைக்கிறது, அதுவே பெரிது. தங்கச்சியின் சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். தடிஞ்சூட் விளக்குத் திருநாள் என்பதால் தெருவில் வாசலுக்கு வாசல் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லை. அந்த வெளிச்சமும் டார்ச்சுமாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கடைசியாகப் பேசியது ஆடிப் பெருக்குக்கு முன்னால். வேலை அதிகம் என்று தெரியும். லைன் பாதியில் அறுந்தால் முன்பெல்லாம் நீ திரும்பக் கூப்பிடுவாய். அம்மா இப்போது போனைத் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள். பெரியம்மா அடுத்த வாரம் கோலாலம்பூர் வருகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் தாத்தாவின் பேரேட்டையும் கொடுத்தனுப்புகிறேன்.

பத்திரிகையில் வந்த உன் படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து, தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். உன் பேருக்கு முன்னால் தலைவர் என்று போட்டிருக்கிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அந்த ஒரு வார்த்தையை விரல் வைத்துக் காட்டுகிறாள். மார்ச் 28 அன்று மதியம் வந்த பூகம்பத்தில் இங்கேகூட மின்விசிறி ஊஞ்சல் மாதிரி ஆடியது. சகாயிங், மாண்டலே பக்கம் மூவாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். இடிபாட்டை ஜனங்கள் வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில், நீ நாலே நாளில் அங்குள்ளவர்களிடம் பணம் திரட்டிவிட்டாய் என்று கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆவணியில் மாமா போன் செய்தார். வேறு விஷயமாகத்தான் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். அதை இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். மாமா எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள், உனக்கே தெரியும்.

நீ எல்லாவற்றையும் எழுதி வைக்கிறாய் அல்லவா? வந்தது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம். லாரி வாடகை, தார்பாய், அரிசி, மருந்து என்று அன்றன்றைக்கு எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் மூன்றாம் நாள் நினைவு நமக்குச் சாதகமாகத்தான் வேலை செய்யும். சரி, இது உனக்குத் தெரியாததா.

பேரேட்டில் 214-ம் பக்கத்தைப் பார். மொகல் தெருவில் செட்டியார்கள் வட்டிக்குக் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கியில் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த தாத்தாவின் கைதான் அதை எழுதியது. ராத்திரி ஐந்தொகை போட்டு வரவு செலவைச் சரிபார்க்கையில் ஓர் அணா உதைத்தால் அது அகப்படும் வரைக்கும் சாப்பாடு கிடையாது என்பார். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வார். 1930-களின் மந்தத்தில் கடன் அடைபடாமல் கீழ்பர்மா வயல்களில் கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. ஏட்டில் பிசகே இல்லை. ஆனால் நிலத்தை இழந்த பர்மாக்காரனுக்கு அந்த ஏட்டில் ஒரு பக்கம்கூடக் கிடையாது, பின்னால் நம்மை வெறுத்தபோது அவன் அந்தப் பக்கத்தைத்தான் தேடினான் என்பார். சிறு வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது நான் ஒன்பது வயதுப் பையன். தாத்தா கணக்கெழுதிய துணிக்கடைக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு போய் நிற்கிறேன், முதலாளி தரையில் உட்கார்ந்து அழுகிறார். தாத்தா மட்டும் சரக்கை எண்ணிப் பட்டியல் எழுதி, வந்திருந்த அதிகாரியிடம் கையெழுத்துக் கேட்டார். அவர் போடவில்லை. 'ஒப்படைத்தேன், பெற்றவர் ஒப்பமிட மறுத்தார்' என்று தாத்தா பேரேட்டில் எழுதித் தேதி போட்டார். அதுதான் 214.

அடுத்த சில பக்கங்கள் உனக்குத் தெரிந்த கதை. மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கோயில் தீமிதிப் பணத்தில் மீதி 1,800 கியாட் தாத்தாவிடம் இருந்தது. எல்லாம் நூறு ரூபாய்த் தாள். ஊரே நஷ்டப்பட்ட நாளில் அவரை யாரும் கேட்கவில்லை. அவரே 'பற்று: நான்' என்று எழுதி, மாதம் 15 கியாட் கட்ட ஆரம்பித்தார். சித்தப்பாக்கள் மூட்டை முடிச்சோடு கப்பலேறினார்கள். ஒருவர் சென்னையில் பர்மா பஜாரில் கடை போட்டார், மற்றவர் தரைவழியாகத் திரும்பி வரப் பார்த்து மணிப்பூர் மோரேயிலேயே தங்கிவிட்டார். கோயில் பணத்தை வைத்துக்கொண்டு கப்பலேற மாட்டேன் என்று தாத்தா நின்றுவிட்டார். கடைசி 15 கியாட் 1974-ல். அதற்குள் கப்பலும் இல்லை, போகிற வயதும் இல்லை.

ஒரு கணக்குப்பிள்ளை பத்து வருடம் கட்டினார். நோட்டைச் செல்லாமல் ஆக்கியவர்கள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. இந்த நாட்டின் கதையே இதுதானோ என்று எனக்குப் பல ராத்திரி தோன்றியிருக்கிறது. 1962-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவத்தார் நம் காலில் நாமே நிற்போம் என்று சொல்லித்தான் கதவைச் சாத்தினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மக்கள் கடை என்ற அரசுக் கடை வாசலில் சமையல் எண்ணெய்க்கு அம்மா விடியற்காலையில் போய் நின்றாள். நீ பிறந்த வாரம், 1987 செப்டம்பர் 5, மறுபடியும் 25, 35, 75 நோட்டுகளைச் செல்லாது என்றார்கள். அந்தத் தடவை மாற்றித் தரவும் இல்லை. பிரசவத்துக்கென்று அம்மா சேலை மடிப்பில் வைத்திருந்தது முழுக்க 75. அதன் பிறகு ஒன்பதால் வகுபடும் 45, 90 நோட்டுகள் வந்தன. அந்த டிசம்பரிலேயே ஐ.நா. நம்மை மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது. போருக்கு முன்னால் வருடத்துக்கு 30 லட்சம் டன் அரிசி கப்பலேற்றிய நாடு, தம்பி.

மறு வருடம் ஜூலை 23 அன்று, 1962-ல் ஆட்சியைப் பிடித்த நே வின் விலகுவதாகப் பேசியதை உன்னை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். மார்ச்சிலும் ஜூனிலும் போராட்டத்தில் ரத்தம் சிந்தியதற்கு மறைமுகமாகத் தனக்கும் பொறுப்பு இருப்பதாகச் சொன்னார். அதே பேச்சில், ராணுவம் சுட்டால் வானத்தைப் பார்த்துச் சுடாது, ஆளைப் பார்த்துத்தான் சுடும் என்றும் சொன்னார். 26 வருடக் கணக்குக்கு அந்த 'மறைமுகமாக' ஒன்றுதான் பதில். பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தில் ரேடியோவை அணைத்தார். தாத்தா அதற்குள் படுக்கையில் விழுந்துவிட்டார். பதில் சொல்லத் தெரிந்தவர்களை 1947 ஜூலை 19-லேயே கொன்றுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார். அன்று கொல்லப்பட்ட விடுதலைத் தலைவர் ஆங் சானுக்கு அப்போது 32 வயது. இன்று உனக்கு 38.

இப்போதுள்ள விஷயங்களை எழுத மாட்டேன். டிசம்பர் 28-ல் தேர்தல் என்கிறார்கள். போன வருடம் பிப்ரவரியில் ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுப்போம் என்று அறிவித்த பிறகு நம் தெருவில் பையன்களே கண்ணில் படுவதில்லை. அது போதும்.

மேலே இருந்து யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துபோனதால் நம் ஜனங்கள் தாங்களே எல்லாம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். 2021 ஜூலையில் கொரோனா சமயம் நீ போனில் அழுதாயே, அப்போது வீட்டு வாசலில் மஞ்சள் துணி தொங்கினால் மருந்து வேண்டும், வெள்ளைத் துணி தொங்கினால் சாப்பாடு வேண்டும் என்று அர்த்தம். நமக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்தது முன்பின் தெரியாத ஒரு பர்மியப் பையன். பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டான். இந்த ஜனங்களோடு வாழ்ந்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்பதற்கு ஆளில்லாத நாட்டில் நல்லது செய்ய முன்னால் வருகிறவனைப் பார்த்து எல்லாருக்கும் நன்றிதான் வரும், கேள்வி வராது. அவனுக்கும் அது பழகிவிடும். நான் ராத்திரி பகலாக அலைகிறேன், என்னைப் போய்க் கணக்குக் கேட்கிறாயா என்று தோன்றும். கோபம்கூட வரும். எனக்கு வந்தது.

2008 மே மாதம் நர்கீஸ் புயல் அடித்த பிறகு நம் கோயில் ஆட்கள் குன்ஜங்கோன் பக்கம் அரிசி லாரி கொண்டுபோனது உனக்கு நினைவிருக்கும், நீயும் மூட்டை தூக்கினாய். சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பணம் என் பொறுப்பில் இருந்தது. மீதிப் பணத்தில் ஒரு கிராமத்துக் குளத்தை இறைத்துச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லியிருந்தோம். கடல் ஏறி உப்பான குளம். கோடையில் இறைத்தால்தான் அடுத்த மழையில் நல்ல தண்ணீர் நிற்கும்.

2009 ஜனவரியில் உன்னை வெளிநாடு அனுப்பிய ஏஜெண்டு மீதி ஆறு லட்சம் கேட்டான். இரண்டு நாள்தான் தவணை. நான் அந்தக் குளத்துப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பதினாலு மாதம் ஆயிற்று. முதல் வருடம் நீ அனுப்பியதெல்லாம் அங்கேதான் போனது. அம்மாவிடம் கூரை வேலைக்கு முன்பணம் கொடுத்தேன் என்று சொன்னேன். நடுவில் கோயிலில் கணக்கு வாசித்தபோது 'கையிருப்பு ஆறு லட்சம்' என்று வாசித்தேன். கையில் ஒன்றும் இல்லை. எனக்குத் துண்டு போர்த்தினார்கள். ஒரு தம்பி மட்டும் எழுந்து, குளம் வேலை ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றான். சேற்றில் இறங்கி அரிசி சுமந்தவனை இப்படியா கேட்பது என்று நான் சத்தம் போட்டேன். அவன் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வருவதில்லை. அந்தக் கிராமத்துப் பெரியவர் இரண்டு தடவை பஸ் பிடித்து நம் வீட்டுக்கு வந்தார். இரண்டாம் தடவை கருவாடு கொண்டுவந்தார். அம்மா அதைக் குழம்பு வைத்தாள், நான் சாப்பிட்டேன். குளத்தை 2010 கோடையில்தான் இறைத்தோம். அதுவரை அவர்கள் விலைக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

பைசா குறையாமல் திரும்ப வைத்தேன், சூழ்நிலை அப்படி என்று பதினாறு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நே வின் சொன்ன 'மறைமுகமாக'வுக்கும் என் 'சூழ்நிலை'க்கும் என்ன பெரிய வித்தியாசம்? தாத்தா யாரும் கேட்காமலே தன் பெயரைப் பற்றில் எழுதினார். நான் கேட்டவனையே துரத்தினேன்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை. காலையில் எப்போதும் போல டீ போட்டுக் கொடுத்தாள், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை. கார்த்திகைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வதாக இருக்கிறேன். அந்தத் தம்பி இப்போது தாம்வே பக்கம் இருக்கிறானாம். முதலில் அவனைப் போய்ப் பார்க்க வேண்டும். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உன் பயணச் செலவு என்று உனக்கே தெரியாமல் இருக்கக்கூடாது என்றுதான்.

மாமா சொன்னதை நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை. ரசீதுகள் இருக்கிறதா? இல்லாவிட்டால் நினைவிருக்கும்வரை உட்கார்ந்து எழுது. கூட லாரியில் போன பையன்களை வைத்துக்கொண்டு எழுது. குறைந்தால் குறைகிறது என்றே எழுது, தொகையைப் போடு. கொடுத்தவர்களுக்குக் கூட்டம் போட்டு நீயே வாசி, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதே. கேட்கிறவனிடம் கோபப்படாதே. தீபாவளிக்கு முன்னால் முடிந்தால் நல்லது.

எவ்வளவு குறைகிறது என்று எனக்கும் ஒரு வரி எழுது. அம்மா தன் இரண்டு வளையலைப் பற்றி ஏதோ சொன்னாள். அதைப் போனில் பேசிக்கொள்ளலாம். லைன் அறுந்தால் நான் கூப்பிடுகிறேன்.

பேரேட்டின் கடைசியில் பதினொரு பக்கம் எழுதாமல் இருக்கிறது. அதில் முதல் பக்கத்தில் 2009 ஜனவரியை நான் எழுதிவிட்டேன், மீதியை விட்டு வைத்திருக்கிறேன். வடகமும் ஊறுகாயும் அதே பையில்தான் வருகிறது. எண்ணெய் ஒழுகாமல் துணி சுற்றியிருக்கிறாள், ஆனாலும் பேரேட்டை முதலில் வெளியே எடு.

உன் அப்பா