டச்சுத் துட்டைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரை, தேவிபட்டினம், மண்டபம் பக்கம் வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ கடலரிப்புக்குப் பிறகோ செப்புக் காசு கிடைத்தால், உடனே புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். காசு பாழாவது அந்தக் கால் மணி நேரத்தில்தான்.

‘துட்டு’ என்று நாம் சொல்வதே டச்சுக்காரர்களின் ‘டுயிட்’ என்ற செப்புக் காசின் பெயர். 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்து, 1825-இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் வரை அவர்கள் இந்தக் கரையில் முத்துக்கும் சங்குக்கும் துணிக்கும் சேதுபதிகளோடு பேரம் பேசியவர்கள். டச்சுக்காரர்களின் சொந்த நாட்டில் 8 டுயிட் சேர்ந்தால் ஒரு ஸ்டைவர் என்ற பெரிய காசு. ஆசியக் குடியேற்றங்களிலோ 4 டுயிட்டே ஒரு ஸ்டைவர். கப்பலேற்றினாலே செம்பின் மதிப்பு இரட்டிப்பு! தனியாட்கள் சொந்தநாட்டுக் காசைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து லாபம் பார்க்காமலிருக்கத்தான், 1726 முதல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் முத்திரையோடு தனிக் காசு அடிக்கச் செய்தது.

அடையாளம் எளிது. ஒரு பக்கம் கம்பெனி முத்திரை: பெரிய ஆங்கில ‘வி’ (V); அதன் இடக்காலில் ‘ஓ’ (O), வலக்காலில் ‘சி’ (C); கீழே ஆண்டு. மறுபக்கம் டச்சு மாகாணத்தின் சின்னம். ஜீலாந்துக் காசானால் அலையிலிருந்து எழும் சிங்கம். எடை ஏறத்தாழ 3 கிராம், குறுக்களவு 21, 22 மில்லிமீட்டர். இலங்கையில் அடித்த தடித்த ஸ்டைவரில் முத்திரைக்கு மேல் ஊரின் முதலெழுத்து இருக்கும்: கொழும்புக்கு ‘சி’ (C), காலிக்கு ‘ஜி’ (G), யாழ்ப்பாணத்துக்கு ‘ஐ’ (I). கம்பெனி முத்திரையோடு 1616 என்று ஆண்டு போட்ட டுயிட்டை யாராவது நீட்டினால் அது போலி. ‘ரைஸ் புல்லிங்’, அதாவது அரிசியை இழுக்கும் அபூர்வக் காசு என்று கதை சொல்லி லட்சக்கணக்கில் விலை பேசுபவரிடம் காசைக் காட்டவே வேண்டாம்.

புளியின் அமிலம் மேலே படிந்த பச்சை, பழுப்புப் பூச்சோடு எழுத்தின் விளிம்பையும் அரித்துவிடும். ஆண்டு போனால் காசு சொல்லும் செய்தியும் போயிற்று. கடலோரக் காசுக்குள் உப்பு ஊறியிருக்கும். அந்தக் குளோரைடோடு ஈரமும் காற்றும் சேர்ந்தால் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். விட்டால் செம்பைத் தின்றுகொண்டே போகும். அதனால் மண்ணை மென்மையான பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில், கண்ணாடிப் பாத்திரத்தில் ஊறவைத்து, முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். எடுத்த நீரில் வெள்ளி நைட்ரேட் கரைசல் இரண்டு சொட்டு விட்டால் வெண்மையாகக் கலங்குகிறதா? உப்பு இன்னும் வருகிறது, தொடருங்கள். பல வாரம் பிடிக்கும். பிறகு நன்றாக உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பச்சைப் பொடி ஏற்கெனவே உதிர்ந்தால் நீங்கள் கைவைக்காதீர்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் கேளுங்கள்.

மண்ணில் புதைந்து கிடைத்தது 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு மதிப்பு, எந்த இடம், எந்த நாள். கழுவுவதற்கு முன்பே இடத்தையும் ஆழத்தையும் குறித்துப் படம் எடுத்துவிடுங்கள். மாவட்ட நிர்வாகம் இதை மீனவர் சங்கங்களிலும் கொத்தனார்களிடமும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழங்காசு சேகரிப்போர் சிலர்,
கீழக்கரை