மூன்று முறை பலித்த கணிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிச் சூதாட்டம் குறித்துச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை ரம்மியையும் கிரிக்கெட் பந்தயத்தையும் பற்றி விரிவாகப் பேசியது. எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் சில இளைஞர்களைப் பிடித்திருக்கும் இன்னொன்று அதில் விடுபட்டுவிட்டது. வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். ஐஸ் ஹாக்கி ஆட்டங்களின் மீது அவர்கள் பணம் கட்டுகிறார்கள்.

இதற்குக் காரணம் கடிகாரம்தான். அங்கே கிழக்குக் கரை நகரங்களில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அதிகாலை நாலரைக்கோ ஐந்தரைக்கோ வருகிறது. கிரிக்கெட் பெரும்பாலும் இல்லாத அந்த நேரத்தில் பந்தயத் தளங்களில் நேரலையாக ஓடுவது இது. மொத்தம் 32 அணிகள், ஒவ்வொன்றுக்கும் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் என்பதால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஆட்டமில்லாத நாள் அரிது. சம்பா அறுவடையாகி, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான தொகை வங்கிக் கணக்கில் ஏறுவதும் இந்தக் காலத்தில்தான்.

என்னிடம் படித்த ஒருவரின் மகன் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனைத் திருப்புவதற்காக வைத்திருந்த நெல் பணத்தை இப்படித்தான் இழந்தான். நான் கேட்டபோது அவன் டெலிகிராம் குழு ஒன்றைத் திறந்து காட்டினான். "நாளைக் காலை பாஸ்டன், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்று அதில் ஒரு செய்தி இருந்தது. அதற்கு முன் அந்தக் குழு சொன்ன மூன்று கணிப்புகளும் அப்படியே பலித்திருந்தன, அதனால்தான் நான்காவதில் பெருந்தொகையைப் போட்டேன் என்றான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் அந்த மூன்றைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். எண்ணூறு பேரைத் தனித்தனிக் குழுக்களில் சேர்த்துக்கொண்டு, பாதிப் பேருக்கு ஓர் அணி வெல்லும் என்றும் மீதிப் பேருக்கு எதிரணி வெல்லும் என்றும் ஒருவன் சொன்னால், முதல் ஆட்டம் முடிந்ததும் நானூறு பேருக்கு அவன் சொன்னது பலித்திருக்கும். அந்த நானூறு பேரிடம் மட்டும் இதையே தொடர்ந்தால் அடுத்து இருநூறு, அதற்கடுத்து நூறு. விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவனை, மூன்று முறையும் பிழையின்றிக் கணித்தவன் என்று அந்த நூறு பேர் உளமார நம்புவார்கள். அந்தக் குழு இதைத்தான் செய்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மூன்று வெற்றி எதற்கும் சான்றாகாது என்பதை எந்தப் பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் கரும்பலகையில் நிரூபித்துக் காட்டலாம்.

கணிப்பவர் உண்மையிலேயே விவரம் தெரிந்தவர் என்றே வைத்துக்கொள்வோம். என் மகள் குடும்பம் டொராண்டோவில் இருப்பதால் நானும் இவ்விளையாட்டைச் சில பருவங்களாக ஆர்வத்துடன் பார்த்து வருகிறேன். வேகமும் நுட்பமும் நிறைந்த அழகான ஆட்டம் அது. ஆனால் இரு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் அடிப்பது ஆறு கோல் அளவில்தான் என்பதால், பந்துக்குப் பதிலாக ஆடப்படும் ரப்பர் வட்டு ஒரே ஒரு முறை யாருடைய மட்டையிலோ காலிலோ பட்டுத் திரும்பினாலே முடிவு மாறிவிடுகிறது. 2022-23 பருவத்தில் பாஸ்டன் புரூயின்ஸ் அணி 82 ஆட்டங்களில் 65-ஐ வென்று, 135 புள்ளிகளுடன் லீக் வரலாற்றிலேயே புதிய சாதனை படைத்தது. கடைசி இடங்களில் ஒன்றைப் பிடித்து நாக்-அவுட் சுற்றுக்குள் வந்த புளோரிடா பாந்தர்ஸ் அணி, நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவர் முன்னேறும் தொடரில் 3-1 என்று பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டு, முதல் சுற்றிலேயே அந்த பாஸ்டனை வெளியேற்றியது. ஏழாவது ஆட்டத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடமே மீதமிருந்தபோது புளோரிடா சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்றது. கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று சொல்வதற்கு இந்த விளையாட்டில் என்ன இடம் இருக்கிறது?

அன்றைக்கு எந்தக் கோல் காப்பாளர் நிற்பார் என்பது இங்கே பெரிய விஷயம். அடுத்தடுத்த இரு இரவுகளில் ஆட்டம் வந்தால் பெரும்பாலும் ஒரு நாள் இரண்டாம் காப்பாளரை நிறுத்துவார்கள். அந்தச் செய்தி ஆட்டத்தன்றுதான் உறுதியாகும், உறுதியான உடனேயே பந்தய விகிதமும், அதாவது வென்றால் கட்டிய பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்பதும், மாறிவிடும். கணிப்பாளருக்குத் தெரிந்தது பந்தய நிறுவனத்துக்கும் தெரியும். அந்த விகிதம் என்னும் விலையில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது.

விலையின் கணக்கைத்தான் இளைஞர்கள் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. சம பலமுள்ள இரு அணிகளுக்கும் 1.90 என்ற விகிதம் கொடுக்கப்படுகிறது என்று கொள்வோம். ஒரே தெருவில் இருவர் எதிரெதிர் அணிகளின் மீது நூறு நூறு ரூபாய் கட்டினால், வென்றவருக்கு 190 ரூபாய் கிடைக்கும்; மீதிப் பத்து ரூபாய் நிறுவனத்துக்கு. மாட்டுச் சந்தையில் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தரகு வாங்கிக்கொள்பவரைப் போல, யார் வென்றாலும் நிறுவனத்துக்கு வரவு உண்டு. வென்ற பணத்தையும் சேர்த்துத் திரும்பத் திரும்பப் போட்டு, பருவம் முழுவதும் மொத்தம் 20,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டியவர் சராசரியாக ஆயிரம் ரூபாயை இழந்திருப்பார். இந்த விகிதத்தில் நட்டமின்றித் தப்புவதற்கே நூற்றுக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று கணிப்புகள் சரியாக அமைய வேண்டும். ஆட்களைச் சேர்த்துவிடும் குழு நடத்துநருக்கு, அவர்கள் இழக்கும் தொகையில் பங்கு தரும் தளங்களும் உண்டு என்பதைப் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நண்பர்களுக்குள் யார் வெல்வார் என்று வாதாடுவதை நான் குறை கூறவில்லை. கணிப்பதில் உள்ள இன்பத்தை விளையாட்டுப் பிரியர்கள் எல்லோரும் அறிவோம். அதில் பணம் சேரும்போதுதான் குடும்பம் குலைகிறது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவோருக்கும் விளம்பரம் செய்வோருக்கும் சிறைத்தண்டனை விதிக்கிறது, ஆடியவரைத் தண்டிப்பதில்லை. இது தெரியாததால், வெளியே சொன்னால் பிள்ளை மீது வழக்கு வந்துவிடும் என்று பயந்து பெற்றோர்கள் வாய் திறப்பதில்லை. இந்த விவரத்தையும், ஏமாற்றிப் பறிக்கப்பட்ட பணம் குறித்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம் என்பதையும், கொள்முதல் பணம் கைக்கு வரும் இந்த வாரங்களிலேயே தங்கள் டெல்டா பதிப்பின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மன்னார்குடி.