61 கார்டு வைத்திருக்கும் மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ள,

போன ஞாயிறு கடைசி பஸ்ஸைப் பிடிக்க நாலு ரோட்டுக்கு ஓடிய அவசரத்தில் உன் போக்கிமான் சீட்டுக்கட்டை, அந்த டெக்கை, எங்கள் மொட்டை மாடியிலேயே விட்டுப் போய்விட்டாய். காவேரிப்பட்டணம் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணி, "பத்திரமா வை, யாரும் தொடாதீங்க" என்றாய். மன்னித்துக்கொள், தொட்டேன். பாயை விரித்து எல்லாக் கார்டையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். என் பத்து வயதுப் பெண்ணிடம் நீ தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றதற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொன்னாயே, அதிர்ஷ்டத்தின்மேல் பழி போடாதே.

முதலில் எண்ணிக்கை. 60 இருக்கவேண்டிய இடத்தில் 61 இருக்கிறது. அது எந்தக் கார்டு என்று கடைசியில் சொல்கிறேன்.

சண்டை போடும் போக்கிமான் 27, அவை அடிப்பதற்கு வேண்டிய எனர்ஜி 22, உதவிக்கு வரும் டிரெய்னர் 12. அந்த 27 போக்கிமானில் முக்கால்வாசி ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. பிக்காச்சு ஒன்று, ஸ்நார்லாக்ஸ் ஒன்று, எங்கிருந்தோ ஒரு மேஜிகார்ப். டெக் இல்லை இது, சந்தைக்குப் போய்த் தள்ளுவண்டிக்கு ஒன்றாக வாங்கி வந்த பை. ஆனால் நடுவில் இரண்டு சாரிசார்ட் ஈஎக்ஸ் கிடக்கிறது பார், 2023 ஆகஸ்டில் அப்சிடியன் ஃப்ளேம்ஸ் செட்டில் வந்தது, 330 எச்பி, அவ்வளவு அடி தாங்கும். அதை வைத்துக்கொண்டு நீ தோற்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தக் கார்டில் எழுதியிருப்பதை ஒருமுறை நிதானமாகப் படி. கையிலிருந்து எடுத்து அதைப் பரிணாமமாக, அதாவது சின்னப் போக்கிமானின் மேல் வளர்ந்த வடிவமாக வைக்கும்போது, டெக்கிலிருந்து 3 நெருப்பு எனர்ஜியைத் தேடி எடுத்து உன் போக்கிமான்களுக்கு மாட்டிக்கொள்ளலாம். அதன் தாக்குதலுக்குத் தேவை 2 எனர்ஜிதான். அடி 180, எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸ் கார்டுக்கும் (தொடக்கத்தில் ஆளுக்கு 6 கவிழ்த்து வைத்து, எதிரியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுப்பது) மேலே 30. அதாவது, எனர்ஜியைத் தானே கொண்டுவருகிற ஆளுக்கு நீ 22 எனர்ஜி கட்டிக் கொடுத்து அனுப்புகிறாய். 22 இருந்தால் தொடக்கத்தில் எடுக்கும் 7 கார்டில் சராசரியாக இரண்டரை எனர்ஜியாகவே வரும். போன வாரம் உன் கையில் ஐந்து வந்தது, நானே பார்த்தேன். 9 போதும். அதற்கும் ரொம்பக் கீழே போகாதே, தேடும்போது டெக்கில் இருக்கவேண்டுமே.

அடுத்தது சார்மாண்டர். சாரிசார்டுக்கு அதுதான் வேர், நீ வைத்திருப்பது 2. முதல் 7 கார்டில் அதில் ஒன்றாவது வர வாய்ப்பு 22 சதவீதம். 4 வைத்தால் 40. கூடவே, டெக்கிலிருந்து ஓர் அடிப்படைப் போக்கிமானை (பரிணாமத்தின் முதல் படி) நேராக பெஞ்சில், அதாவது காத்திருக்கும் வரிசையில் இறக்கும் நெஸ்ட் பால் 4 சேர்த்தால், இந்த எட்டில் ஒன்றாவது கைக்கு வர 65. ஒரே பெயரில் 4 வரை வைக்கலாம் என்று விதியே சொல்கிறது, நீ ஏன் கஞ்சத்தனம் பண்ணுகிறாய்?

நடுப்படியான சார்மீலியன் ஒன்று போதும். ரேர் கேண்டி இருந்தால் சார்மாண்டரிலிருந்து நேராக சாரிசார்டுக்குத் தாவலாம் (முதல் டர்னில் முடியாது, இறக்கிய அதே டர்னிலும் முடியாது). நீ வைத்திருப்பது ஒரே ஒரு ரேர் கேண்டி. அதை 4 ஆக்கு. மூன்றாவது சாரிசார்டை நான் தருகிறேன், என்னிடம் சும்மாதான் இருக்கிறது.

அப்புறம் உன் ஆல்பத்தில் அழகுக்கு வைத்திருக்கும் பிட்ஜியாட் ஈஎக்ஸ். அதை வெளியே எடு! டர்னுக்கு ஒருமுறை டெக்கிலிருந்து எந்தக் கார்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம், இதைவிட என்ன வேண்டும். 2 வேண்டும், அதற்கு வேராக 2 பிட்ஜியும். ஒன்று மட்டும் வைத்தால் பத்து ஆட்டத்தில் ஒன்றில் அது 6 பிரைஸ் கார்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். இன்னொன்றைத் தனிக் கார்டாக வாங்கு. பேக் பேக்காக உடைத்துத் தேடினால் மாங்காய் விற்ற காசு போதாது.

மற்ற ஒற்றைகளில் மூன்றை வைத்துக்கொண்டு பாக்கியை எடுத்துவிடலாம். மனசு வராது, தெரியும். அறுவடை முடிந்து உங்க அப்பா பெங்களூரா மாமரங்களைக் கவாத்து பண்ணும்போது கூடவே நின்று "அது காய்க்கிற கிளைப்பா" என்று கத்துகிற ஆள்தானே நீ. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இப்படிக் குறைத்தால் அடிப்படைப் போக்கிமான் 9தான் இருக்கும். பத்து ஆட்டத்துக்கு மூன்றில் அது ஒன்றுகூட இல்லாத தொடக்கக் கை வந்து, காட்டிவிட்டு மறுபடி கலைக்கவேண்டி வரும், ஒவ்வொரு தடவையும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். பரவாயில்லை என்பேன்.

காலியான இடமெல்லாம் டிரெய்னருக்கு. போக்கிமான் தேட அல்ட்ரா பால் 4, கையை மாற்ற ப்ரொஃபசர்ஸ் ரிசர்ச் 4, எதிராளியின் பெஞ்சிலிருந்து ஒன்றை முன்னால் இழுக்க பாஸஸ் ஆர்டர்ஸ் 2, மீதியை உட்கார்ந்து பேசலாம். போட்டிக்குப் போவதென்றால் அந்த வருடம் எந்தக் கார்டு செல்லும் என்று பார்க்கவேண்டும். எங்கள் மொட்டை மாடியில் எல்லாம் செல்லும்.

ப்ரொஃபசர்ஸ் ரிசர்ச்சைக் கண்டு பயப்படாதே. போன ஞாயிறு, ஐந்து எனர்ஜி, ஒரு ஸ்நார்லாக்ஸ், கூடவே அந்தக் கார்டும் கையில் இருந்தது. கையைத் தூக்கிப் போட்டுவிட்டு 7 புதுக் கார்டு எடுத்திருக்கலாம். "நல்ல எனர்ஜிடா, வீணாகப் போடுவானேன்" என்று டர்னை விட்டுக்கொடுத்தாய். ரம்மியில் செட் சேராத கையை இப்படிப் பிடித்துக்கொண்டு உட்காருவாயா?

இன்னொன்று, ஸ்லீவ், கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை. காம்பு கிள்ளிய கையோடு சீட்டுக் கலைத்திருக்கிறாய், ஒரு சாரிசார்டின் ஸ்லீவ் முதுகில் மாம்பால் கறை. கட்டின் மேலே அது வந்து உட்கார்ந்தால் எதிரில் இருப்பவருக்குப் பளிச்சென்று தெரியும். என் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டால், "மாமா கேட்கவே இல்லையே" என்கிறாள். மூன்றில் ஓர் ஆட்டத்தை வேண்டுமானால் உன் கணக்கில் எழுதிக்கொள். 60க்கும் புது ஸ்லீவ் போட்டு வைக்கிறேன்.

2004ல் மாவட்டம் பிரிந்து நீ கிருஷ்ணகிரிக்காரன் ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி பஸ் ஏறாமல் இருந்ததில்லை. இந்த வாரமும் வா, ஆல்பத்தோடு.

அந்த 61வது கார்டு ஒரு ஈவீ. ஓரத்தில் நீலப் பேனாவால் சின்னதாக ஒரு பூ வரைந்திருக்கிறது. ஒரு மாதமாக என் பெண் அதைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாக்கி, நான்தான் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன் என்று என்னிடம் பேசாமல் வேறு இருந்தாள். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நீயே வந்து கொடுத்துக்கொள்.

உன் மாப்ள,
தர்மபுரி